யாருடைய குற்றத்துக்கு யார் பதில் சொல்வது?

2022 மே 24 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் யுவால்டி என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் 18 வயது இளைஞன். சில மணி நேரத்துக்குள்ளாகவே அவன் ஒரு திருநர் என்ற செய்தி இணையத்தில் பரவியது. ஆதாரம் என்று சுற்றிய படங்கள், சம்பவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத திருநங்கைகளுடையவை. அரிசோனாவின் நாடாளுமன்ற உறுப்பினர் பால் கோசார் அதையே ட்விட்டரில் எழுதினார்; பிறகு அந்தப் பதிவு நீக்கப்பட்டது. படத்தில் இருந்த ஒரு பெண்ணோ, அது தான் இல்லை, தான் டெக்சாஸிலேயே வசிக்கவில்லை என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

"அவன் திருநர் அல்ல" என்று உண்மை சொன்னவர்கள் மறுத்தார்கள். மறுத்தது சரி. ஆனாலும் அந்த மறுப்பு மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை அவன் திருநராக இருந்திருந்தால்? அப்போது குற்றச்சாட்டு நியாயமாகிவிடுமா?

அடுத்த ஆண்டே இந்தக் கேள்வி நேரில் வந்து நின்றது. 2023 மார்ச் 27 அன்று நாஷ்வில் நகரில் ஒரு கிறித்துவப் பள்ளியில் 3 குழந்தைகளும் 3 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் தன்னைத் திருநராக அடையாளப்படுத்திக்கொண்டவர் என்று காவல்துறை சொன்னது. இங்கே "அது பொய்" என்ற பதிலுக்கு இடமில்லை. திருநர் சமூகமே கிறித்துவர்களுக்கு எதிராகக் கிளம்பிவிட்டது என்ற தொனியில் வலதுசாரி விமர்சகர்கள் பேசினார்கள். ஒரு தனிமனிதரைப் பற்றிய தகவல் உண்மைதான். அதிலிருந்து லட்சக்கணக்கானவர்களைப் பற்றி அவர்கள் எடுத்த முடிவுதான் பொய்.

அமெரிக்காவில் இப்படிப் பலரைச் சுட்டுக் கொன்றவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஆண்கள். அப்போதெல்லாம் அவனுடைய வீடு, மனநிலை, துப்பாக்கி வாங்கிய கடை எல்லாம் ஆராயப்படுகின்றன. குற்றம் செய்த பிறகும் தனிமனிதனாகவே பார்க்கப்படும் சலுகை அவனுக்கு உண்டு. அதிகாரம் இல்லாதவர்களில் ஒருவர் தவறு செய்தால் கூட்டமே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. பெண்களுக்கு இது புதிதல்ல. ஒருத்தி வண்டியை இடித்தால் "பொம்பளைங்களே இப்படித்தான்" என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். பெண்ணியவாதிகள் மட்டும் வன்முறைக்கு ஆண்மையைக் காரணம் சொல்லலாமா? சொல்கிறோம். வன்முறையை வீரம் என்று சொல்லிப் பையன்களை வளர்க்கும் முறையைத்தான் கேள்வி கேட்கிறோம். அது மீண்டும் மீண்டும் கண்ணில் படும் ஒரு போக்கு. அதற்காக ஆண்கள் யாரும் மருத்துவமனைக்கோ கழிப்பறைக்கோ போகும் உரிமையை இழக்க வேண்டும் என்று நாம் கேட்டதில்லை. திருநர்களிடம் கேட்கப்படுவது அதுதான்.

சந்தேகத்தைச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, குழந்தைகளைக் கடத்துவதாகச் சந்தேகிக்கப்பட்ட திருநங்கைகளைப் பதிவேட்டில் ஏற்றியது. அப்படிப் பதியப்பட்டவர் பொது இடத்தில் பெண் உடையில் தோன்றினாலே 2 ஆண்டு வரை சிறையில் அடைக்கலாம். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற அவசியமே இல்லை.

சட்டம் போய்விட்டது, சந்தேகம் போகவில்லை. 2018 மே மாதம் "பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஹைதராபாத்தில் ஒரு திருநங்கையைக் கூட்டம் அடித்தே கொன்றது. அதே மாதம் அதே வகை வதந்தி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான பெண் ஒருவரின் உயிரையும் எடுத்தது.

தொலைக்காட்சியில் கோட் போட்டுக்கொண்டு பேசுபவரின் கையில் கல் இல்லை. கல்லை யார் மீது எறியலாம் என்பதை மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கிறார். ஆகவே, அடுத்த முறை இப்படி ஒரு செய்தி நம் கைபேசிக்கு வரும்போது, "உண்மையா?" என்பதோடு இன்னொன்றையும் கேட்போம்: உண்மையாகவே இருந்தாலும், இதற்காக யாரைத் தண்டிக்கச் சொல்கிறார்கள்?