வந்தியின் பங்குக்கு யார் போவது?

வடகிழக்குப் பருவமழை வந்தால் எனக்கு ஒரு வேலை உண்டு. 53 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகளை 120 பாகையில் விரித்து மாடியில் வைப்பேன். சின்ன யுஎஸ்பி ரேடியோ கருவியோடு அதை இணைத்தால் போதும். ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் மேலே கடக்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், 137 மெகாஹெர்ட்ஸ் அலையில் மேகப் படம் வரி வரியாக இறங்கும். மற்ற நேரத்தில் ஜப்பானின் ஹிமாவரி இருக்கிறது, 10 நிமிடத்துக்கு ஒரு படம். அசைன்மென்ட் காத்திருக்கும், நான் மேகத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்.

தென்சீனக் கடலில் மேகம் சுழல ஆரம்பிச்சா, இதில் ஈடுபட்ட எவருக்கும் ஒரு குதூகலம் வரும். இன்னும் பெரிசாகட்டுமே என்றுகூடத் தோணும். 2001 டிசம்பர் 27-இல் ஜோகூரில் கரையேறிய வாமெய் புயலின் படங்களை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ! பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.5 பாகைக்குள் உருவான புயல் அது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை இங்கே மிகக் குறைவு, அதனால் நம்ம பக்கம் புயல் உருவாகாது என்றுதான் பாடம் சொல்லும். வாமெய் பாடத்தைக் கேட்கவில்லை. படம் அழகு. கீழே ஜோகூரிலும் பகாங்கிலும் வெள்ளம், உயிர்ச்சேதம்.

அகச்சிவப்புப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது மேகத்தின் குளிர்ந்த உச்சி. அதுக்குக் கீழே ஆறு எவ்வளவு ஏறியிருக்கு, எந்த வீட்டில் யார் தனியாக இருக்காங்க என்று அது காட்டாது.

இங்கேதான் எனக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை நினைவுக்கு வரும். வைகை பெருகியது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்கணும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. மேலிருந்து எல்லாம் பார்க்கிறவன் இறைவன் என்கிறோம். அன்றைக்கு அவன் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை, கூலியாளாகக் கூடையோடு இறங்கி வந்தான். (வந்து பிட்டைத் தின்று தூங்கினதைத்தான் நம் பிள்ளைகள் ரசிப்பார்கள்!) அவன் முதுகில் விழுந்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது. பொறியியல் படிக்கிற எனக்கு அது வெறும் அற்புதமாகத் தெரியலை. ஒரு கிழவியின் பங்கு அடைபடாமல் கிடந்தால், அந்த உடைப்பு வழியாக ஊர் முழுக்கத் தண்ணீர் வரும்.

2014 டிசம்பர் வெள்ளத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எச்சரிக்கை விடுவது மெட்மலேசியாவின் வேலை. ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை இணையத்திலேயே போடுகிறது. என் மாடிப் படத்தை வாட்சப்பில் பரப்பி யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு அந்த எச்சரிக்கையை யார் கொண்டுபோவது? மருந்துப் பையையும் ஐசியையும் எடுத்து வைத்து, அவரை நிவாரண மையத்துக்கு யார் அழைத்துப் போவது?

எங்கள் கோயில் இளைஞர் பகுதியில் தனியாக வாழும் பெரியவர்களின் பட்டியல் எடுத்தோம். 11 பேர். எட்டுப் பேருக்கு ஆள் போட்டாச்சு. மீதி மூன்று பேரில் இருவரால் நடக்க முடியாது, கார் வைத்திருப்பவர்கள் வேண்டும். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது பெயர் கொடுங்கள்.