உத்தி பிரிக்கும் பிள்ளைகள்



மேற்கு மலையின் அடிவாரத்தில், இராசபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையிலே இருக்கும் சேத்தூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், பிள்ளைகள் கபடிக்கு அணி சேரும் முறையை நின்று கவனிப்பவர்கள், ஆசிரியர் எவரும் கற்பிக்காமலே அவர்கள் ஒரு நியாய சாஸ்திரத்தைக் கைக்கொண்டிருப்பதைக் காண்பார்கள். தலைவர்கள் இருவர் நிற்க, ஏறத்தாழச் சமபலம் உடைய பிள்ளைகள் இருவர் இருவராக ஒதுங்கிப் போய், இரகசியமாக ஆளுக்கொரு பெயரைச் சூட்டிக்கொண்டு, தோள்மேல் கைபோட்டுத் திரும்பி வந்து, சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். எந்தப் பெயர் யாருடையது என்றறியாத தலைவன் ஒன்றைச் சொல்ல, ஒருவன் இப்பக்கமும் மற்றவன் அப்பக்கமும் போய்ச் சேருவான். இதுதான் உத்தி பிரித்தல். வல்லவரெல்லாம் ஓர் அணியில் குவிந்துவிடாமலும், பட்சபாதம் நுழையாமலும் காப்பதற்கு இதைவிட எளிய உபாயத்தைப் பெரியவர்களின் சபைகளில்கூட நான் கண்டதில்லை. ஓடமாட்டாத சின்னஞ்சிறு தம்பி அழுதால், அவனையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் பிடிபட்டாலும் அவுட் இல்லை. சமத்துவத்தையும் அதற்கு விலக்கான கருணையையும் ஒரே ஆட்டத்தில் வைத்த அந்தப் புத்தியை என்னவென்று புகழ்வது!

சுவிட்சர்லாந்து தேசத்து உளநூல் அறிஞர் ஜீன் பியாஜே, கோலி விளையாடும் சிறுவர்களோடு தாமும் அமர்ந்து, விதிகள் எங்கிருந்து வந்தன, அவற்றை மாற்றலாமா என்றெல்லாம் வினவி, 1932-ல் குழந்தைகளின் ஒழுக்கத் தீர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிராயத்தில் விதி என்பது பெரியோர் இட்ட மாற்றொணாக் கட்டளையாகத் தோன்றுகிறது என்றும், சமவயதினரோடு ஆடிச் சண்டையிட்டுச் சமாதானமாகிப் பழகப் பழகவே, அது பரஸ்பர சம்மதத்தால் நிற்பது என்னும் தெளிவு பிறக்கிறது என்றும் அவர் கண்டார். உத்தி பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதுமையன்று.

ஆனால் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தனக்குக் குறைந்தால் குழந்தை உடனே கூக்குரலிடுகிறது. தனக்கு மிகுந்தால் அவ்வாறு குரல் எழுப்புகிறதா? இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில், 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தித் தின்பண்டம் பங்கிட்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2015-ல் வெளியாயிற்று. ஒரு பிள்ளை பங்கை மறுத்தால் இருவருக்குமே இல்லை என்பது ஏற்பாடு. தனக்குக் குறைந்த பங்கை மறுக்கும் குணம் ஏழு நாடுகளிலும் தோன்றியது. தனக்கு மிகுந்த பங்கை மறுக்கும் குணமோ அமெரிக்கா, கானடா, உகாண்டா ஆகிய மூன்றிடங்களில் மட்டும், அதுவும் சற்று வளர்ந்த பிள்ளைகளிடத்தே தென்பட்டது. நியாய உணர்ச்சியின் முற்பாதி தானே முளைக்கிறது. பிற்பாதியைச் சூழ்ந்துள்ளோர்தாம் வளர்க்க வேண்டியிருக்கிறது.

நம் விருதுநகரில், க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்த காமராசரைப் பற்றி வழங்கிவரும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. விநாயக சதுர்த்திக்கு மாணவர் அனைவரும் ஒரே தொகை கொடுத்திருக்க, பிரசாதம் வழங்கும்போது பிள்ளைகள் முண்டியடிக்க, ஒதுங்கி நின்ற அச்சிறுவனுக்குக் கிடைத்தது சொற்பம். வீட்டில் கேட்டபோது, எல்லோரும் சமமாகக் கொடுத்திருக்க, சமமாகப் பகிர வேண்டியது ஆசிரியரின் கடமையல்லவா, நான் ஏன் இடித்துக்கொண்டு போக வேண்டும் என்ற கருத்திலே பதிலளித்தாராம். பிள்ளைப் பருவத்துச் சம்பவத்தையும் 1956-ல் முதலமைச்சராக அவர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்தையும் காரண காரியமாக முடிச்சிட நான் துணியேன்; எனினும், முண்டியடிப்பவனைவிடப் பங்கிடுபவனிடமே பொறுப்பு மிகுதி என்று அந்தச் சிறுவன் கண்ட உண்மை என் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை.

பங்கிடுகிறவர்கள் நாம்தாமே! கண்மாய்ப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடும் காலத்தே, பகலெல்லாம் தர்மம் பேசிய தந்தை, இரவில் மண்வெட்டியோடு போய் அடுத்த வயலின் வாமடையை அடைத்துத் தம் வயலுக்குத் திருப்பும்போது, கூடவே விளக்குப் பிடித்துச் செல்லும் மகன் எந்தப் பாடத்தை மனத்தில் இருத்துவான்? அரிச்சந்திரன் கதையை அதன்பின் நூறு முறை சொன்னாலும் அவன் நம்புவானா?

சப்பட்டை மாம்பழக் காலத்தில் வீட்டில் ஒரு காரியம் செய்து பாருங்கள். பழத்தை நறுக்கும் வேலையை மூத்த பிள்ளையிடம் விட்டு, முதல் துண்டை எடுக்கும் உரிமையை இளைய பிள்ளைக்குக் கொடுங்கள். நறுக்கியவனுக்கு ஏன் கடைசித் துண்டு என்று அவன் கேட்டால், அவசரப்படாமல் அருகே அமர்ந்து, அவனுக்குக் காரணம் சொல்லுங்கள்.