திருமணமும் அழைப்புப் பட்டியலும்

தம்போயிலும் அதைச் சூழ்ந்த தாமான்களிலும் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் இப்பொழுது ஒரு புதுக் கோரிக்கையைத் தகப்பன்மார் முன் வைக்கிறார்கள். “அத்தா, ஆயிரம் பேர் வேண்டாம். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்ததும் ஐம்பது அறுபது பேருக்குச் சாப்பாடு போதும். மேடை வேண்டாம், சிம்மாசனம் வேண்டாம். எங்கள் கையிலுள்ள காசில் எங்கள் மனத்துக்குப் பிடித்தபடி செய்துகொள்கிறோம்” என்கிறார்கள். செலவு குறைகிறதே என்று தகப்பனார் மகிழ வேண்டும். ஆனால் அவர் மகிழ்வதில்லை. “நாலு பேர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?” என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சம்பளக்காரருக்கு உறவினரும் நண்பரும் மட்டுமே. கடை வைத்திருக்கும் நமக்கோ, சரக்குத் தருகிற மொத்த வியாபாரி, நம்மிடம் கடனுக்கு வாங்குகிறவர், காலைதோறும் ரொட்டி வாங்க வருகிற மலாய்க்கார மக்சிக், எதிர்க்கடைச் சீனத் தவுக்கே, தொழுகையில் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் ஆகிய அனைவரும் அழைக்கப்பட வேண்டியவர்களே. இவர்களில் பலர் தம் வீட்டுத் திருமணத்திற்கு நம்மை அழைத்தார்கள். நாமும் போய் உண்டோம். இன்று நம் வீட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொள்வது எளிமையா, நன்றிகேடா? திருமணம் மணமக்களுடையதா, அவர்களை வளர்த்த குடும்பத்துடையதா, ஊருடையதா? இதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் மார்க்கம் எதைக் கேட்கிறது என்று பார்ப்போம். இந்நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின்படி நிக்காஹ்வின் கடமைகள் மணமகன், மணமகள், வலி, இரு சாட்சிகள், ஈஜாபு கபூல் ஆகிய ஐந்துதாம். மஹர் கொடுக்கப்பட வேண்டும். ஜொகூரில் நெடுங்காலம் வழங்கிவந்த மாஸ் காவின் தொகை 22 ரிங்கிட் 50 சென்தான். இவற்றுடன் அரசாங்கம் கேட்பவை திருமணத்திற்கு முந்திய பயிற்சி வகுப்பு, இரத்தப் பரிசோதனை, மாவட்டச் சமய அலுவலகத்தின் அனுமதி, பதிவு ஆகியன. எச்.ஐ.வி. பரிசோதனையை இந்நாட்டில் முதன்முதலாக 2001ஆம் ஆண்டு கட்டாயமாக்கியது நம் ஜொகூர் மாநிலமே. இவ்வளவுக்கும் ஆகும் செலவு, மேடைக்கு வைக்கும் பூவின் விலைக்குக் கூட வராது.

ஆனால் அந்த ஐந்தைச் சற்று உற்று நோக்குங்கள். “இது எங்கள் இருவரின் சொந்த விஷயம்” என்று பிள்ளைகள் சொல்கிறார்கள் அல்லவா? ஐந்தில் வலி என்பவர் குடும்பத்தின் ஆள். சாட்சிகள் இருவரும் ஊரின் ஆட்கள். ஆகவே மிகச் சிறிய நிக்காஹ்விலும் குடும்பமும் ஊரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. திருமணத்தை ஒளிக்காமல் அறிவிக்க வேண்டும், வலீமா விருந்தளிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஊருக்கு இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு.

வியாபாரிகளான நாம் இவ்விடத்தில் நினைக்க வேண்டியவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். மக்காவிலிருந்து வெறுங்கையுடன் மதீனா வந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஸஃது இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னபோது, அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுப் பொருள் சேர்த்தார்கள். சில நாளில் அவர்கள் ஆடையில் மஞ்சள் வாசனைப் பொருளின் கறையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள் அது என்னவென்று விசாரிக்க, தாம் மணம் முடித்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹர். பெருமானார் (ஸல்) துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து விருந்து கொடுக்கச் சொன்னார்கள்.

இந்தச் சரித்திரத்தை நாம் மதரஸாவில் பலமுறை ஓதியிருக்கிறோம். ஓர் ஆடு என்பதை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டோம். மதீனாவிலேயே நடந்த ஒரு நிக்காஹ் பெருமானாருக்கே (ஸல்) பின்னர்தான் தெரியவந்தது என்பதையும், அதற்காக அவர்கள் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை என்பதையும் கவனிக்கத் தவறிவிடுகிறோம். நம் ஊரில் பத்திரிகை இரண்டு நாள் பிந்தி வந்தால் மாமு மூன்று வருஷம் பேசமாட்டார்!

அந்த மாமுவின் கோபத்திற்கும் ஒரு வேர் உண்டு. புதுக்கோட்டைச் சீமையில் கீரமங்கலம், தஞ்சையில் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் மொய் விருந்து என்று வைப்பார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, அந்தத் தொகையை முதலாக்கி ஒருவர் தொழில் செய்வார். பிறகு மற்றவர் விருந்துக்குப் போய்த் திருப்பிச் செய்வார். வட்டியில்லாக் கடன் போன்ற இந்த ஏற்பாட்டில் எல்லாம் நோட்டில் எழுதப்படும். எழுதாத இடங்களிலும் நம்மவர் மனத்தில் அந்த நோட்டு இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை, என்ன செய்தார் என்று வரவு செலவு ஓடிக்கொண்டேயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாம் குறை கூறமாட்டோம். கையில் முதலில்லாமல் கப்பலேறி வந்தவர்களை நிமிர்த்தி நிற்க வைத்ததும் இத்தகைய கொடுக்கல் வாங்கல்தான்.

ஆனால் ஒரு கடையின் கடனை மற்றொரு கடையின் பேரேட்டில் எழுதும் கணக்குப்பிள்ளையை நாம் வேலைக்கு வைத்துக்கொள்வோமா? தகப்பன் முப்பது ஆண்டு உண்ட விருந்துகளுக்கெல்லாம் பதிலை மகனின் சேமிப்பிலிருந்தோ, மகளுக்கென்று வைத்த தங்கத்திலிருந்தோ ஒரே பகலில் கொடுத்துத் தீர்ப்பது அந்த மாதிரிக் கணக்குத்தான். ஒரு சாப்பாட்டுக்கு 20 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருக்கு 20,000 ரிங்கிட். இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் வாங்கும் இளைஞன் ஏறக்குறைய பன்னிரண்டு மாதம் ஒரு சென்னும் செலவழிக்காமல் உழைத்தால்தான் அந்த ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாகும். மண்டபம், துணிமணி, படப்பிடிப்பு எல்லாம் தனி. ஹந்தாரானைப் பற்றிப் பேசவே இல்லை. தகப்பனாரின் கடன் உண்மையான கடன்தான். அதை அவர் தம் கையால், தம் காலத்தில், நோயில் விசாரித்தும் ஜனாஸாவில் தோள் கொடுத்தும் நெருக்கடியில் கைமாற்றுத் தந்தும் தீர்க்கட்டும்.

சின்னத் திருமணம் செல்லுமா என்று சந்தேகிப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு முந்திய நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 18ந் தேதி இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாள் குறித்திருந்த நிக்காஹ்கள் நின்றன. பின்னர் அனுமதி கிடைத்தபோது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்தே நடத்தினார்கள். ஜொகூர் பாலமும் அடைபட்டது. தம்போயில் இருக்கும் தாய் உட்லண்ட்ஸில் இருக்கும் மகனைக் காண முடியவில்லை. சிங்கப்பூரில் காணொளி வழியாகத் திருமணம் நடத்த அந்த ஆண்டு மே மாதம் தற்காலிகச் சட்டமே செய்தார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதிதான் பாலம் முழுமையாகத் திறந்தது. அந்த இரண்டாண்டில் மணமுடித்தவர்களின் நிக்காஹ்வில் எக்குறையும் இல்லை. இன்று அவர்களுடைய குழந்தைகள் மதரஸாவில் அலிஃப் பே ஓதுகின்றன.

எனினும் அந்தக் காலத்தையும் இக்காலத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியல்ல. அன்று பட்டியலை வெட்டியது அரசாங்கம். எவரும் எவர்மீதும் கோபிக்க இடமில்லை. இன்று வெட்டுகிறவர் நாம். ஆயிரம் பெயரில் தொள்ளாயிரத்து நாற்பதை அடிக்கும் பேனா நம் கையில் இருக்கிறது. அந்தப் பேனா எந்தப் பெயரை முதலில் அடிக்கிறது?

நாம் கண்ட வரையில் முதலில் அடிபடுவது செல்வந்தர் பெயர் அல்ல. மொத்த வியாபாரி இருப்பார். பட்டக்காரர் இருப்பார். சங்கத்துப் பிரமுகர் இருப்பார். அடிபடுவது கடையில் மூட்டை தூக்கும் பையன், பள்ளிவாசலைக் கூட்டுகிற பெரியவர், விதவையான தூரத்துச் சாச்சி, கடனைத் திருப்பித் தர முடியாமல் நம் கடைப்பக்கம் வர வெட்கப்படும் பழைய வாடிக்கைக்காரர் ஆகியோர் பெயர்களே. ஆயிரம் பேர் விருந்தில் இவர்களுக்கெல்லாம் ஓர் இடம் இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக வந்து, நெய்ச்சோறும் தால்ச்சாவும் வயிறார உண்டு போனார்கள். பெரிய விருந்தில் எத்தனை ஆடம்பரம் இருந்தாலும் இந்த ஒரு நன்மை இருந்தது. சிறிய விருந்தில் அதுதான் முதலில் பறிபோகிறது. பணக்காரர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் கெட்டது என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள எச்சரிக்கை, ஆயிரம் பேர் விருந்தைக் காட்டிலும் ஐம்பது பேர் விருந்துக்கே அதிகம் பொருந்துகிறது என்று நாம் அஞ்சுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். “எளிய திருமணம்” என்ற பெயரில் ஆளுக்கு இருநூறு ரிங்கிட் ஓட்டலில் முப்பது பேருக்கு விருந்து வைத்து, படப்பிடிப்புக்கு மட்டும் ஒரு கடை முதலைச் செலவழிப்போர் உண்டு. கூட்டம் குறைந்தது, பகட்டுக் குறையவில்லை. பார்க்க வருபவர்கள் மண்டபத்திலிருந்து கைபேசிக்கு இடம் மாறியிருக்கிறார்கள். தமிழகத்தில் சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் சடங்கை விட்டார்கள். 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத்திருமணங்களுக்குச் சட்டத் தகுதியும் தந்தது. ஆனால் மந்திரம் போன இடத்தில் சொற்பொழிவு வந்து உட்கார்ந்துகொள்ள, மணமக்கள் பசியோடு மாலையும் கழுத்துமாகக் காத்திருந்த மேடைகளும் இருந்தன. வழக்கத்தை மாற்றுகிறவர் புது வழக்கம் ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வது மனித சுபாவம் போலும்.

அப்படியானால் கையில் சிறு தொகை வைத்திருக்கும் பிள்ளைகள் என்னதான் செய்வது? கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) மணந்தபோது நடந்த வலீமாவை எண்ணிப் பார்க்கலாம். தோல் விரிப்பை விரித்து, உள்ளவர் உள்ளதைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய் கொண்டுவந்தார். எல்லாம் சேர்த்துப் பிசைந்த பண்டமே விருந்து. மொய்ப் பணத்துக்குப் பதிலாக உறவினர் ஆளுக்கொரு சட்டி சமைத்துக் கொண்டுவருவதை இன்று ஒரு குடும்பம் ஏற்பாடு செய்தால், அதை “புதுமை” என்று எப்படிச் சொல்வது? நம் ஜொகூரில் ஜாவானிய வழி வந்த கம்பத்து மக்களிடம் ரேவாங் என்ற வழக்கம் உண்டு. முதல் நாளே அக்கம்பக்கத்தார் கூடி வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், பெரிய சட்டியைக் கிளறுவார்கள். கேட்டரிங் வந்த பிறகு அது குறைந்துபோயிற்று. வெங்காயம் உரிக்க வந்தவர் எவரும் விருந்தாளியாக நடந்துகொள்வதில்லை. பட்டியலில் தம் பெயர் உண்டா என்று கேட்பதுமில்லை. அடுக்குமாடியில் வாழ்வோருக்கு இடம் நெருக்கடிதான். சூராவின் பின்புறத்தையோ பாலாய் ராயாவையோ கேட்டுப் பார்க்கலாம்.

பட்டியல் எழுதும்போது நாம் சொல்லும் யோசனை இதுதான். அறுபது பெயர் என்றால், முதல் இருபது பெயர் நமக்குத் திருப்பி எதுவும் செய்ய முடியாதவர்களுடையதாக இருக்கட்டும். கடைப் பையன்கள் அதில் வரட்டும். சட்டி பிடிப்பதற்கென்று அவர்களைக் கூப்பிடாமல், பந்தியில் உட்கார வைக்கட்டும். அடுத்த பெயர்களை மணமக்கள் எழுதட்டும். தகப்பனாருக்கு மீதியுள்ளதே போதும். அவர் முணுமுணுப்பார், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அழைக்க இயலாதவர்களுக்குப் பிறர் வாயிலாகச் செய்தி போகவிடக் கூடாது. நிக்காஹ்வுக்கு முன்பே தகப்பனாரும் மகனும் நேரில் போய், “சின்னதாகச் செய்கிறோம், உங்கள் துஆ வேண்டும்” என்று சொல்ல வேண்டும். கடையை ஒரு மணி நேரம் முந்திச் சாத்தினால் ஒரு மாலையில் நான்கைந்து வீடுகளை முடிக்கலாம். எதிர்க்கடைத் தவுக்கே இதை எளிதில் புரிந்துகொள்வார். பத்துப் பேருக்கு ஒரு மேசை என்று எண்ணி விருந்து வைக்கும் வழக்கத்தில் வந்தவர் அவர். மாமு வீட்டுக்குத்தான் இரண்டாவது தடவையும் போக வேண்டியிருக்கும்.