வேரும் கிளையும்

"பட்டாவும் எங்களுடையது, மரமும் எங்களுடையது. வேரோடு பிடுங்கி விற்றால் ஷரீஅத்தில் தடை உண்டா?" நாவலூரில் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது.

மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில், கணினி நிறுவனங்களின் மாளிகைகள் உயர்ந்துவிட்ட ஊர் அது. ஆயினும் வேலியோரங்களில் பூவரசும் வேம்பும் இன்னும் நிற்கக் காணலாம். பழகிய கை அவற்றை வெட்டுவதைக் கவனியுங்கள். அடிக்கட்டையை விட்டு, பட்டை கிழியாமல், மழைநீர் தேங்காதபடி சரிவாக வெட்டும். கட்டையிலிருந்து பல துளிர்கள் கிளம்பும். நேரான இரண்டு மூன்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்து, ஆடு வாய் வைக்காமல் காப்பார்கள். சில ஆண்டுகளில் அடுப்புக்கு விறகும் கொட்டகைக்குக் கழியும் மறுபடி கிடைக்கும். மறுதாம்பு என்பது இதுவே. இங்கிலாந்தின் பிராட்ஃபீல்டு காட்டில் 1252 முதலே இவ்வாறு வெட்டி வருகிறார்கள்; காடு இன்றும் இருக்கிறது.

கடற்கரைச் சவுக்கின் இயல்பு வேறு. வெட்டிய கட்டை பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. அங்கே வெட்டியவரே மறுகன்று நட வேண்டும்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்துப் பலனைத் தர்மம் செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபுக்கு அதுவே அடிப்படை. மரத்தில் மூலம் வேர், பலன் கிளை.

"எங்கள் தோட்டம் வக்ஃபு அல்லவே?" என்பீர்கள். உண்மைதான். சொந்த மரத்தைப் பிடுங்குவது ஹராம் என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. மருத்துவச் செலவுக்கு வழியின்றி விற்பவரைக் குறை கூறவும் மாட்டோம். பிறருக்குத் தொல்லை தரும் சீமைக்கருவேலத்தை வேரோடு களைவதும் வேறு விஷயம்.

ஆனால், 'ஆகுமா?' என்று கேட்பதோடு முஃமினின் கடமை முடிந்துவிடுமா? அந்தப் பூவரசை நட்டவர் பாட்டனார். நிழலை அனுபவித்தவர்கள் நாம். நமக்கென்று அவர் வேரை விட்டுச் சென்றார். நம் பேரனுக்கு நாம் எதை விட்டுச் செல்கிறோம்? நிலத்தின் உண்மையான உரிமையாளன் அல்லாஹ் ஒருவனே. பட்டாவில் இருப்பது நம் பெயர். கையில் இருப்பதோ அமானத்து.

கியாமத்து வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட முடிந்தால் நட்டுவிடச் சொன்ன நபியின் உம்மத்து நாம். கனியை எதிர்பாராமல் நடச் சொன்ன மார்க்கத்தில், துளிர்க்கக்கூடிய வேரைத் தேவையின்றிக் கொல்வது அழகாகுமா?

கிளையைத் தாராளமாக எடுங்கள், வேரை விட்டுவையுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.