மைனஸ் பூஜ்யம்

நாம் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலின் தலையிலும் நாம் எழுதாத சில வரிகள் இருக்கின்றன. எந்த மென்பொருளில் எழுதினோம், கணினிக்கு என்ன பெயர், எந்த நேர வலயத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடும் வரிகள். மட் போன்ற நிரல்களில், கடிதம் வெளியே போகும் முன் அதை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகப் போக வைக்கலாம். செட், டேட் என்று இரண்டு பழைய யூனிக்ஸ் கட்டளைகள், நாலைந்து வரி. அவ்ளோதான்.

என் தோழி ஒருத்தி அப்படியொன்று கேட்டாள். வீட்டில் சொல்லாமல் மெல்பர்னுக்குப் போய்விட்டவள். அண்ணன் கை நீட்டுகிறவர். அம்மாவுக்கு மட்டும் எழுத வேண்டும். ஆனால் அம்மாவின் மின்னஞ்சலைத் திறப்பதே அண்ணன்தான். இந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவரும்கூட.

"+1000னு இருக்கிறத +0800 ஆக்கிடு. கே.எல்.லயே இருக்கேன்னு நெனச்சிக்கட்டும்."

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெல்பர்ன் மதியம் 2 மணியும் கோலாலம்பூர் மதியம் 12 மணியும் ஒரே கணம். ஒழுங்காகக் கணக்குப் போட்டு மாற்றினால் அந்த வரியில் தவறான எண் ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் அது பொய்தான். படிப்பவர் நம்ப வேண்டும் என்று நாம் விரும்புவது பொய்.

காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்கிறார். எனக்கு அதைப் படித்தபோதெல்லாம் எரிச்சல்தான் வந்திருக்கிறது. வள்ளுவர் பக்கம் நிற்பது சுலபம். வாய்மையைத் தீமை விளையுமா என்று கேட்டே அளக்கிறவர் அவர். ஆனால் அந்த அளவுகோலையே வைத்துப் பார்த்தால்? தங்கை கே.எல்.லில் இருக்கிறாள் என்று நம்புகிற அண்ணன் சும்மா இருக்கமாட்டார். அவளுடைய பழைய அறைத்தோழியின் கதவைத் தட்டுவார். அம்மாவோ, பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று தீபாவளிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தீமை நீங்கவில்லை, வேறு வீட்டுக்கு மாறிவிட்டது.

மின்னஞ்சல் வடிவத்தை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 5322, 2008இல் வந்தது. அதில் -0000 என்று ஒரு குறி இருக்கிறது. +0000 என்றால் உலகப் பொது நேரம். மைனஸ் போட்டால் நேரம் அதுவேதான், ஆனால் அனுப்பியவரின் உள்ளூர் நேரம் பற்றி இங்கே எந்தத் தகவலும் இல்லை என்று பொருள். சொல்லமாட்டேன் என்பதையும் சொல்வதற்கு ஓர் எழுத்து. பொறியாளர்கள் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

"மறைக்கிறான்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே?"

தெரியும். எங்கே என்று தெரியாது.

-0000 போட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். அஞ்சல் சேவையகம் பிறகு சேர்க்கும் வரிகளை நம் ஸ்கிரிப்ட் தொடமுடியாது; அதில் ஐ.பி. முகவரி போகலாம். அதனால் முதல் மடலை எனக்கு அனுப்பச் சொல்லி, வரிவரியாகப் பார்த்தோம். அந்த மைனஸை +0800 ஆக்க அவளுக்கும் தெரியும். மாற்றினாளா என்று நான் கேட்கவில்லை.