கேட்டுவிட்டுத்தான் அழைத்துப் போனேனா?

"அண்ணே, எனக்கு சபா கிடைச்சிருக்கு. குடும்பத்தோட போகட்டுமா, தனியா போகட்டுமா?"

ஞாயிறு சமய வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். ஆசிரியர் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம், ஒன்றரை வயதில் ஒரு பையன். நான் சபாவில் மனைவி மக்களோடு மூன்று வருஷம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். "போங்க தம்பி, நல்ல அனுபவம்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னிடமும் அன்று எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பணியிட மாற்றம் வந்தது 2015ஆம் ஆண்டின் கடைசியில். ரானாவ் மாவட்டத்தில், பட்டணத்திலிருந்தும் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆரம்பப் பள்ளி. அந்த வருஷம் ஜூன் 5ஆம் தேதிதான் ரானாவில் நிலநடுக்கம் வந்து, கினபாலு மலையில் 18 பேர் இறந்திருந்தார்கள். கிள்ளானில் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "பூமி ஆடுன ஊருக்கா பச்சப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார். மகளுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பதிந்து சீருடையும் தைத்தாகிவிட்டது. மகனுக்கு இரண்டு வயது. மனைவி ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் எட்டு வருஷமாக வேலை பார்த்து வந்தார்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மேல்முறையீடு செய்து பார்க்கலாம். நான் மட்டும் போகலாம், நிறைய பேர் அப்படித்தான் போகிறார்கள். அல்லது எல்லாரும் போகலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். அப்பா இல்லாமல் பிள்ளைகள் வளரக் கூடாது, குடும்பம் என்றால் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் "போலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி" என்றார். அந்த "சரி"யைக் கேட்டதும் என் மனது லேசாகிவிட்டது. கேட்டாச்சு, சம்மதம் வாங்கியாச்சு என்று நினைத்தேன்.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். மழை பெய்தால் எங்கேயாவது மண் சரிந்து பாதை அடைத்துக்கொள்ளும். விடியற்காலையில் மேகம் விலகினால் 4,095 மீட்டர் மலை வீட்டுக்கு எதிரே எழுந்து நிற்கும். அழகான ஊர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அழகைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண்ணால் நாள் முழுக்க இருக்க முடியாது. நான் காலையில் பள்ளிக்குப் போனால் எனக்கு மாணவர்கள், சக ஆசிரியர்கள், வேலை. என் மனைவிக்கு ஒரு வீடு, ஒரு கைக்குழந்தை, மூன்று கோடு வந்தால் இரண்டு கோடு மறைந்துவிடும் கைப்பேசி. ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று சொன்ன நான்தான் நாளில் பாதி நேரம் அந்தக் கூரைக்கு வெளியே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி மகனுக்கு வலிப்பு வருகிற அளவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு டூசுன் பாட்டியின் மகன்தான் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பையன் பிழைத்தான், ஒன்றும் ஆகவில்லை. விடியும்போது வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். அப்போது மனைவி சொன்னார்:

"நீங்க என்கிட்ட கேட்கவே இல்ல தெரியுமா? 'போலாமா'ன்னீங்க. டிக்கெட் விலையெல்லாம் பார்த்து வச்சிட்டு வந்து கேட்டீங்க. நான் வேணாம்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையான பதில் இதுதான்: வேணாம் என்று சொல்லியிருந்தால், சரி என்று சொல்கிற வரைக்கும் பேசியிருப்பேன்.

நண்பர்களே, சபா நல்ல ஊரா, பிள்ளைகளுக்கு நல்லதா கெட்டதா என்பதெல்லாம் எனக்கு அடுத்த கேள்விகள். முதல் கேள்வி, என் முடிவின் பாரத்தைச் சுமக்கப்போகிறவர்களிடம் நான் உண்மையாகவே கேட்டேனா என்பது. "இல்லை" என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்டால்தான் அது கேள்வி. இடம் வைக்காமல் கேட்பது அறிவிப்புதான், கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இராமாயணத்தை நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். காட்டுக்குப் போகும்போது இராமன் சீதையைக் கட்டாயப்படுத்தி அழைத்துப் போகவில்லை. நீ இங்கேயே இரு என்றுதான் சொல்கிறான். அவள் விடாமல் வாதாடி, தன் முடிவாகத்தான் உடன் போகிறாள். வகுப்பில் இதை அன்புக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு இப்போது இதில் வேறொன்றும் தெரிகிறது. சீதைக்குப் பேச இடம் இருந்தது. அதே வீட்டில் ஊர்மிளையும் இருந்தாள். புருஷன் பதினான்கு வருஷம் அண்ணனோடு போய்விட்டான். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவளிடம் யாரும் கேட்டதாக நாம் கதைகளில் கேட்பதில்லை. கூட்டிக்கொண்டு போனாலும் விட்டுவிட்டுப் போனாலும் தவறு நடக்கலாம். அந்தத் தம்பியின் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, மனைவியிடம் கேட்கலாம். இரண்டு வயதுப் பையனிடம் எப்படிக் கேட்பது?

பிள்ளைகளிடம் சம்மதம் வாங்க முடியாது, உண்மைதான். கிள்ளானிலேயே இருப்பதும் அவர்களுக்காக நாம் எடுக்கும் முடிவுதானே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அதுவும் உண்மை. ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருக்கும் இடத்தில் இருந்தால் பாட்டி, அத்தை, தமிழ்ப்பள்ளி, கோயில், கூட்டாளிகள் எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே கையில் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு வேறு இடத்தில் வைப்பவன்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன்.

தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையும் தீபகற்பத்தில்தான். சபாவிலும் சரவாக்கிலும் ஒன்றுகூட இல்லை. தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு வேண்டுமென்றால் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் தமிழ் பேசும் மாணவி ஒருத்திதான், என் மகள். ஆறே மாதத்தில் அவள் சபா மலாய் பேச ஆரம்பித்துவிட்டாள். "சாப்பிடு பாஹ்" என்று தம்பியை அதட்டுவாள். எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் கிள்ளானுக்குத் தொலைபேசியில் பேசும்போது பாட்டி சொன்னதற்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் போனை என்னிடம் நீட்டினாள். அன்று சிரிப்பு வரவில்லை.

இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மலாயில் சொல்லிப் புலம்பினேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "என் பேரன் என்னிடம் என்ன மொழியில் பேசுகிறான் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அவருடைய பேரப்பிள்ளைகளும் மலாயில்தான் பேசினார்கள். கடசான்டூசுன் மொழியைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததே 1997இல்தான். சொந்த மண்ணை விட்டு எங்கும் போகாத அவரும், ஊர் விட்டு ஊர் வந்த நானும் ஒரே கவலையில் உட்கார்ந்திருந்தோம். மொழி போவதற்கு இடமாற்றம் மட்டும் காரணம் இல்லை, வீட்டில் யாரும் பேசாமல் விடுவதும் காரணம் என்று அன்று புரிந்தது. அதன் பிறகு ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான். பாட்டி தொலைபேசியில் கதை சொல்ல வேண்டும், மகள் அதை எழுதிக் காட்ட வேண்டும்.

ஊர் நமக்கு என்ன தரும் என்று மட்டும்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நாம் ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது என் கணக்கில் இல்லை. மலையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர்தான் எங்கள் கம்பத்துக்கு. ஒரு மழைக்குப் பிறகு அது அடைத்துக்கொண்டது. சனிக்கிழமை எல்லாரும் மேலே போய்ச் சுத்தம் செய்வதாக ஏற்பாடு. எனக்குத் தாள் திருத்தும் வேலை இருந்தது. என் பங்குக்கு 20 வெள்ளி கொடுத்தனுப்பினேன். மாலையில் பணம் திரும்பி வந்தது. "சிக்கு, பணம் எங்களிடமும் இருக்கிறது, ஆள்தான் குறைவாக இருந்தது" என்றார் கொண்டுவந்தவர். அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அடுத்த முறை மண்வெட்டியோடு நானும் ஏறினேன். மனைவி மற்றப் பெண்களோடு சேர்ந்து சமைத்தார். அந்த மே மாதக் கடைசியில் காமத்தான் அறுவடைத் திருநாளுக்கு எங்களை அழைத்தார்கள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்பதை நினைவு வைத்து, தனிச் சட்டியில் கோழி சமைத்திருந்தார்கள். "இது இவங்க பொங்கலாப்பா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

எந்த ஊரும் நம் ஊர்தான் என்று நம் மேடைகளில் பேச்சுப்போட்டிக்குப் போட்டி சொல்கிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு என்று அந்த 20 வெள்ளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இந்த இடத்தில் நம் முன்னோரை இழுத்துத் தப்பித்துக்கொள்ளும் ஆசை எனக்கும் வந்தது. என் பூட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். கங்காணி வந்து பூட்டனிடம் பேசினார், பூட்டன் சரி என்றார், பூட்டி கூட வந்தார். தோட்டத்து லயத்தில் ஆறு பிள்ளை பெற்றார். "அவங்களே வந்தாங்க, நமக்கென்ன?" என்று சொல்வது சுலபம். ஆனால் அவர்கள் பசிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். எனக்குச் சம்பளமும் திரும்பி வர விமானமும் இருந்தன. பூட்டி பட்ட கஷ்டத்தை என் மனைவியின் கஷ்டத்துக்குச் சமாதானமாகக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

அந்தத் தேநீர் ராத்திரிக்குப் பிறகு நாங்கள் மறுபடியும் உட்கார்ந்து பேசினோம். இந்த முறை, நீ வேண்டாம் என்றால் டிசம்பரில் நீயும் பிள்ளைகளும் கிள்ளானுக்குப் போய்விடலாம், நான் தனியாக இருந்து முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். "இருக்கலாம். ஆனா ஒவ்வொரு டிசம்பரும் கேட்கணும். சனிக்கிழமை புள்ளைங்க உங்க பொறுப்பு. எனக்கு ஒரு வேலை வேணும்" என்றார். வீட்டிலிருந்தே இரண்டு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தார். ஊர் அதேதான், வீடும் அதேதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் அங்கே இருந்தது அவருடைய முடிவு. அந்த வித்தியாசம் அவர் முகத்தில் தெரிந்தது.

நஷ்டமே இல்லை என்று எழுதினால் பொய். 2017இல் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது என்னால் மறுநாள் மதியம்தான் போய்ச் சேர முடிந்தது. தம்பிதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். 2019இல் கிள்ளானுக்குத் திரும்பி வந்து மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டில் சேர்ந்தபோது, கட்டுரை எழுதத் திணறி அழுதாள். ஒரு வருஷம் பிடித்தது. இவற்றை அனுபவம் என்ற சொல்லில் போட்டு மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். இவளுக்கு இருபது வயதாகும்போது, "ஏம்பா என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டால், முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா? அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நான் மறைக்க வேண்டிய காரணம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. எனக்கு ஒன்று இருந்தது. தனியாக இருக்க எனக்குப் பயம். அதைத்தான் "அப்பா இல்லாமல் பிள்ளைகள் வளரக் கூடாது" என்று நல்ல வார்த்தையில் சொல்லிக்கொண்டேன்.

அதனால், தம்பி, போங்க என்றும் சொல்லமாட்டேன், போகாதீங்க என்றும் சொல்லமாட்டேன். அங்கே பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும், அது நிஜமான கடமை. இன்று ராத்திரி பையன் தூங்கிய பிறகு உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து கேளுங்கள். விமானச் சீட்டு விலையைப் பார்க்கும் முன்னால் கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கும் கேளுங்கள். என்ன சொல்கிறார் என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்குச் சொல்லுங்கள். நாற்காலி அடுக்கும்போது பேசுவோம்.