விறகடுப்புக்குத் தனிக் கட்டணம்

கோடை விடுமுறைக்கு ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பு வீடு தேடிக்கொண்டிருந்தோம். போனை எடுத்தவர் வாடகையைச் சொல்வதற்கு முன் ஊரைக் கேட்டார். சொன்னேன். "அங்க எந்தப் பக்கமுங்க?" அதையும் சொன்னேன். "அப்பிடீன்னா நீங்க..." என்று இழுத்துவிட்டு, மீதி என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க பொழங்கற எடமுங்க, அதான் கேட்டுக்கறது" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கொங்குத் தமிழில் சாதி கேட்டால்கூடக் காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது.

கடையிலும் உணவகத்திலும் விடுதியிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. தோப்பு வீட்டுக்காரர்கள் அதற்கு ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். காசு வாங்கும்போது அது விடுதி. ஆள் பார்க்கும்போது வீடு.

அவரைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் போனை வைத்ததும் நான் என்ன செய்தேன்? அடுத்த எண்ணைப் போட்டேன். எங்கள் பட்டியலில் மகனுக்கு நீச்சல் குளம், மகளுக்கு வைஃபை, எனக்கு வாய்க்கால் ஓரத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். மனைவிக்கு ஒரே ஒரு கோரிக்கை: இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. நியாயம்தான். அப்படியானால் அங்கே அடுப்படியில் நிற்கப் போவது யார்? அந்தக் கேள்வி நாலு பேரின் பட்டியலிலும் இல்லை.

இரண்டாவது தோப்பின் விளம்பரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. விறகடுப்பில் மண்சட்டிச் சமையல், அம்மியில் அரைத்த மசாலா. அதற்குத் தனிக் கட்டணம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். என் அம்மா ஊதாங்குழலை ஊதி ஊதியே இருமலைச் சம்பாதித்தவர். புகையிலிருந்து பெண்களை மீட்க வேண்டும் என்று இந்த நாடு பொதுப்பணத்தைச் செலவழித்திருக்கிறது. 2006 தேர்தலில் தி.மு.க. இலவச எரிவாயு அடுப்பு தருவதாக வாக்களித்து, ஆட்சிக்கு வந்து கொடுத்தது. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இப்போது நகரத்திலிருந்து கார் பிடித்துப் போய், அதே புகையைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறோம். புகை இன்னொருத்தி கண்ணுக்கு. ருசி நம் நாக்குக்கு. இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்துவிட்டால் கேள்வி கேட்பவன்தான் ரசனை கெட்டவன்.

தோட்டக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. கேரள வேர்வாடலும் சேர்ந்துகொண்டது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு என்று நம்பியிருந்தவர், ஈயும் புழுவும் தின்னாத ஒரு பயிரைத் தேடினார். அந்தப் பயிர் நாம்தான். நாலு தென்னையை எடுத்துவிட்டு நம்மை நட்டிருக்கிறார். தோட்டத்து வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் சாளை என்று பெயர். நமக்காக அது ஃபார்ம் ஸ்டே ஆகிவிட்டது.

நாம் வாங்கும் சரக்கின் பெயர் கிராமத்து அமைதி. இந்தியாவை அதன் கிராமங்களில் கண்டவர் காந்தி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தின் மேலிருந்த அந்தக் காதலையே கேள்வி கேட்டார். அறியாமையும் குறுகிய புத்தியும் குடியிருக்கும் இடமாகத்தான் அவருக்குக் கிராமம் தெரிந்தது. பெரியார் இன்னும் ஒரு படி மேலே போய், கிராமம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்றார். நகரத்தான் அனுபவிக்க, கிராமத்தான் உழைக்க என்ற ஏற்பாடு அவர் கண்ணுக்கு வருணாசிரமத்தின் இன்னொரு முகம்.

கிராமம் யாருக்கு அழகு? ஞாயிறு மாலை கிளம்பிவிட முடிகிறவனுக்கு. அங்கே பிறந்து, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட வளவில் குடியிருப்பவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறான். இயந்திர இரைச்சலில், நெரிசலில், பெயரை மட்டும் கேட்கிற ஊரில் அவனுக்கு ஓர் அமைதி கிடைக்கிறது. அவன் தப்பித்து வந்த இடத்துக்கு நாம் முன்பதிவு செய்கிறோம்.

அதற்காக விடுமுறையே வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. வீடு பார்க்கும்போது கேட்கிற கேள்விகளோடு இரண்டைச் சேர்த்துக்கொண்டால் என்ன? கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு எந்த டம்ளரில் டீ? சமைக்கிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்? மெத்தை ஸ்பிரிங்கா இலவம்பஞ்சா என்று கேட்கக் கூசாத நாக்கு, இதற்கு மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இரண்டாவது தோப்புக்காரரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் அவிகளுக்குன்னு பின்னால எடம் இருக்குதுங்க" என்றார்.

"எங்களோடயே உக்காந்து சாப்பிடட்டுமுங்க. அப்புறம் விறகடுப்பு வேண்டாம், கேஸ்லயே சமைச்சாப் போதும்."

முதல் விஷயத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதுக்கு வந்தது.

"கேஸ்ல வெச்சா அந்த ருசி வராதுங்களே!"